குழாயை யாரும் இழுக்கவில்லை

அந்த அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் ஏசியும் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார். அதையும் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்பார். அப்படிப்பட்டவருக்கு எங்கள் காம்பவுண்டில் வைத்திருந்த பெயர் சண்டைக்காரி. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அங்கிருந்து நாங்கள் வீடு மாறி, அக்காவும் பாளையங்கோட்டைப் பக்கம் போய் வருஷக்கணக்கில் ஆன பிறகும் எரிச்சல் அடங்கவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரிகள் போய்வருகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் காம்பவுண்டு. கீழே அக்கா வீடு, மாடியில் நாங்கள், பின்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா ஏரல் பக்கத்தில் நெல் விளைகிற ஊர்க்காரர். கட்டடப் படம் வரையப் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். இன்ஜினியர்கள் பிளான் அனுப்புவார்கள். கட்டி முடித்த பிறகு அந்த வீடு எப்படி இருக்கும் என்று, சாயங்கால வெயில், தூண் நிழல், வாசலில் நிற்கிற கார், மாடித் தொட்டிச் செடி உட்பட, போட்டோ பிடித்தது மாதிரியே கம்ப்யூட்டரில் ஆக்கிக் கொடுப்பார். அவர் கணவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஏஜென்சி ஒன்றில் இருந்தார். நல்ல மனிதர். யாரிடமும் முகம் கோணாமல் பேசுவார். அந்த நல்ல குணத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அக்காவுக்கு என்ன பிரச்சினை என்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மழுப்பினால் பொறுக்காது. கோடையில் காம்பவுண்டுத் தொட்டி வற்றிவிடும். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் "வரும் வரும், சொல்லியிருக்கு" என்பார். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்த் திட்டுவோம். அக்கா மட்டும் அங்கேயே நிற்பார்.

"யார்ட்ட சொல்லியிருக்கு மயினி?"

"சொல்ல வேண்டியவங்ககிட்டதான்."

"வராதுன்னா வராதுன்னு சொல்லிருங்க. நாங்க லாரிக்குச் சொல்லிக்கிடுதோம். வரும்னு சொல்லிச் சொல்லி ரெண்டு நாளா பிள்ளைய குளிப்பாட்டாம அனுப்புதாங்க டீச்சர் வீட்டுல."

இதற்குப் பெயர்தான் சண்டை.

திரேஸ்புரத்திலிருந்து ஒரு அம்மா கூடையில் மீன் கொண்டு வருவார். முதல் நாள் "இப்பம் போட்லருந்து எறக்குனது" என்றார். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்து மீனு. நேத்து மீனுன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்" என்று எழுந்துவிட்டார். அடுத்த முறை அந்த அம்மா கூடையை இறக்கும்போதே, "நேத்து மீனுதாம்மா, ஐஸ்ல கெடந்தது" என்றார். "அப்ப கொழம்புக்கு ஆகும், போடுங்க" என்று சட்டியை நீட்டினார் அக்கா. அதன் பிறகு அவர் அந்த அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் வாங்கியதில்லை.

எனக்கே ஒரு தடவை கோபம் வந்தது. வீட்டுக்காரர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் வேலைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். கை கழுவ வெளியே வந்த மாப்பிள்ளையின் அம்மா, வாசலில் நின்ற அக்காவிடம், "பொண்ணு எந்தக் கம்பெனிக்குப் போவுது?" என்று கேட்டுவிட்டார். "போன மாசம் வரைக்கும் போச்சு. இப்ப நின்னுட்டா" என்றார் அக்கா. அந்த வரன் தட்டிப்போனது. அதனால்தானா, வேறு எதனாலா, தெரியாது. நான் ஒரு வாரம் கீழே இறங்கவில்லை. பிறகு நானே போய், "நீங்க தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றேன். "தெரியும்லா எனக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அந்தப் பெண் பிறகு தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, அக்காவுக்கு மட்டும் நேரில் வந்து பத்திரிகை வைத்தாள். அவள் அம்மா மட்டும் கடைசிவரை அக்காவை மன்னிக்கவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவிடம் முதலில் இருந்தது பழைய மெஷின். உள்ளே 'சிப்' என்கிற சில்லுக்கு மேல் தகடு தகடாக அடுக்கிய ஓர் உலோகக் கட்டி, அதன் முதுகில் காற்றாடி. படம் உருவாகும்போது மெஷின் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓட வேண்டும். அப்போது ரைஸ் மில் ஓடுகிற மாதிரி சத்தம் மாடிக்கு வரும். எங்கள் பகுதிக் காற்றில் உப்பு ஈரமும் கரித்தூளும் கலந்திருக்கும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். அந்தப் பிசுபிசுப்பு தகட்டு இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை அக்கா மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பார். ஒரு தடவை காற்றாடி நின்றுபோனது. புதிதாக ஒன்று வாங்கி வந்து தானே மாட்டி, சோறு வடிப்பதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் வேலை பெருகியது. பழையது திணறியது. சித்திரை வெயிலில் சூடு தாங்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புது மெஷின் வாங்கலாம் என்று பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாக்கியத்துக்கு ஒரு 'அம்மா'. அக்கா தன் வேலை என்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும், வீடு எங்கே இருக்கிறது, தூசி எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர் கண்ணாடிப் பக்கம் வைத்த ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே கறுப்பாக இரண்டு ரப்பர் குழாய்கள், நீலமும் சிவப்பும் மாறி மாறி வெளிச்சம்.

"லிக்விட் கூலிங்மா. சில்லு மேல சின்ன பம்பு இருக்கு. தண்ணி சுத்திச் சுத்தி சூட்டை எடுத்துட்டுப் போய் இந்த ரேடியேட்டர்ல விட்ரும். சத்தமே வராது. உங்க வேலைக்கு இதுதான் சரி."

"தண்ணி ஒழுகுனா?"

"ஒழுகவே ஒழுகாதும்மா. கார்ல தண்ணி இருக்குல்லா? அது மாதிரிதான்."

"கார்ல நாம தொறந்து பாத்து ஊத்துதோம். இதுல பாக்க முடியுமா?"

"பாக்கவே வேண்டாம். சீல் பண்ணி வருது. மெயின்டனன்ஸே கிடையாது."

"அந்தப் பம்பு நின்னு போனா?"

"அதெல்லாம் நிக்காதும்மா. நீங்க நிம்மதியாக் கொண்டுபோங்க."

அக்கா இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தார். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், 'இந்தம்மாவைக் கூட்டிட்டு எப்படித்தான் காலம் தள்ளுறீங்களோ' என்பது மாதிரி. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அக்கா வாங்கினார். கடைக்காரர் அடித்துச் சொன்னதால்தான் வாங்கினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது நன்றாகத்தான் ஓடியது. கீழ்வீட்டில் சத்தமே இல்லை. ஒரு பகல் பிடித்த படம் சமையல் முடிவதற்குள் வந்தது. "தண்ணி தண்ணிதான் டீச்சர். சூடே தெரியல பாத்துக்க" என்று அக்காவே சொன்னார். அடுத்த வருஷமும் அப்படியே ஓடியது.

அதற்கு அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், அக்கா என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். திரை கறுத்திருந்தது. அறையில் இருமல் மருந்துபோல் ஒரு தித்திப்பு வாடை, அதோடு பிளாஸ்டிக் கருகிய வாடையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றி வைத்திருந்தார். பம்பில் குழாய் சேருகிற இடத்தில் ஈரம் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இருந்த கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழுந்திருந்தது. மெஷினிலேயே விலை கூடின பாகம் அதுதான். அதையும் கெடுத்து, அதற்கடியில் மதர்போர்டையும் நனைத்திருந்தது.

அதற்கு மேல் அக்கா எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"காத்தாடி நின்னா காத்தாடி மட்டும் போவும்" என்றார். "இது போகும்போது கூட இருக்கதையும் இழுத்துட்டுல்லா போவுது. இத அவரு சொல்லவே இல்லையே."

அந்த வாரம் அவர் முடித்துக் கொடுக்க வேண்டிய வீடு ஒன்று இருந்தது. வேம்பார்க்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் படத்தைப் பார்த்துச் சரியென்று சொன்னால்தான் கட்டட வேலை தொடங்கும். அக்கா பரணில் கிடந்த பழைய மெஷினை இறக்கினார். பிரஷ்ஷால் துடைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் அது உறுமிக்கொண்டு எழுந்தது. பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்தார். எனக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, பழசுதான் நல்லதுக்கா" என்றேன்.

"எங்க நல்லது? ஒரு படத்துக்கு ஒரு பகல் போவுது. இதுவும் எந்நேரம் படுக்கும்னு தெரியாது. ஆனா படுத்தா ஏன் படுத்துதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

வேம்பார்க்காரர் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

புது மெஷினைக் கடையில் கொடுத்தார். "பாக்குதோம்மா, விட்டுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். இன்னும் வாரண்டி இருந்தது. போன் செய்தால் "கம்பெனிக்கு அனுப்பியிருக்கு" என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. நேரில் போனோம்.

"கம்பெனில ரிஜெக்ட் பண்ணிட்டாங்கம்மா. அரிப்பாம். உங்க வீடு கடலோரம்லா? கடக்காத்து பட்டு வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க கடை வச்சிருக்கது எந்த ஊர்ல?"

"என்னம்மா கேக்கீங்க?"

"தூத்துக்குடில வச்சிருக்கீங்க. தூத்துக்குடிக்காரிக்கு வித்தீங்க. வீடு எங்க இருக்குன்னு கேட்டுட்டுதான் வித்தீங்க. இப்பம் கடக்காத்து மேல பழியப் போடுதீங்க. இந்த ஊர்ல கடக்காத்து படாத வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் அங்கன போயிக் குடியிருக்கேன்."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. உடனே வேறு காரணம் எடுத்தார்.

"அது மட்டும் இல்லம்மா. இது வீட்டு உபயோகத்துக்குள்ள சிஸ்டம். நீங்க தொழில் பண்ணுதீங்க. நாள் பூரா ஓட்டுதீங்க. எந்த மிஷின் தாங்கும்?"

"என்ன வேலைக்கு, எவ்வளவு நேரம் ஓடும்னு நான் மொதல்லயே சொன்னேன். டீச்சரும் இருந்தாங்க. உங்க வேலைக்கு இதுதான் சரின்னு சொன்னது யாரு?"

கடைக்காரர் பில் போடுகிற கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டத் தொடங்கினார். திரும்பாமலே சொன்னார்: "வீட்ல சார் இருந்தா ஒருநாள் வரச்சொல்லுங்கம்மா. பேசிக்கிடுவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மெஷின் அக்காவுடையது. வேலை அக்காவுடையது. பில்லில் இருந்த பெயர் அக்காவுடையது. அந்தக் குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே போகின்றன என்று தெரிந்தவர் அவர். அவரை நிற்க வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் பார்க்கத் தெரிந்த ஒரு மனிதரை வரச்சொல்கிறார். நான் ஏதோ சொல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "வா, போவோம்" என்றார்.

வெளியே வந்து, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன்.

"போவலாம். அங்கயும் அவரு ஒண்ணு எழுதிக் குடுப்பாரு, நான் ஒண்ணு எழுதிக் குடுப்பேன். மொதல்ல ஏன் ஒழுகிச்சுன்னு அவரு வாயால சொல்லட்டும் டீச்சர். மத்ததெல்லாம் பொறவு."

அதன் பிறகும் மாதக்கணக்கில் கடைக்கு நடந்தார். காம்பவுண்டில் எல்லோருக்கும் பொழுதுபோக்கு. வீட்டுக்காரம்மா, "அவன்ட்டயும் ஆரம்பிச்சாச்சா?" என்று என்னிடமே கேட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அக்காவின் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கணவர் பைக்கில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏளா, இந்தா பிடி. எல்லாம் புதுசு. பாருங்க டீச்சர், ரெண்டே நிமிஷம். போனேன், பேசுனேன், குடுத்துட்டான்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியைத் தடவிப் பார்த்தார். "எப்படி ஒத்துக்கிட்டாரு? கோளாறு எதுலன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் எதுக்குக் கேக்க? நாமளும் கொஞ்சம் எறங்கிப் போவணும்லா. வீட்டம்மா தெரியாத்தனமா பைப்பப் பிடிச்சு இழுத்துட்டா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க அண்ணாச்சின்னு சொன்னேன். அவனுக்கும் ஒரு மரியாத வேணும்லா. உடனே எடுத்துக் குடுத்துட்டான்."

அக்கா பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் இழுத்தேன்னு சொன்னீங்களா?"

"ஒரு பேச்சுக்குத்தான். பொருள் வந்துட்டுல்லா."

"நான் இழுத்தேனா?"

"ஏளா, வந்ததப் பாரு…"

அவர் நல்ல மனிதர் என்று சொன்னேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. மனைவிக்கு உதவி செய்ததாகத்தான் நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் கூடுகிறது. மாதம் தவறாமல் மூடியைக் கழற்றித் துடைத்து, குழந்தையைப் பார்ப்பது மாதிரி அந்த மெஷினைப் பார்த்துக்கொண்ட ஒருத்தியை, கண்ட கண்ட குழாயைப் பிடித்து இழுக்கிறவளாக ஆக்கிவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நிற்கிறார். அவருக்கு அது உறைக்கவே இல்லை. அக்கா அன்று அவரோடு வேறெதுவும் பேசவில்லை. தோசை வார்த்து வைத்தார். பெட்டியைப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு உள்ளூர் விடுமுறை. காலையில் அக்கா ஆட்டோ கூப்பிட்டிருந்தார். பெட்டி சீட்டில், நாங்கள் இரண்டு பேரும் அதை அணைத்துக்கொண்டு ஒண்டி உட்கார்ந்தோம்.

கடைக்குள் நுழையும்போதே கடைக்காரர் குரல் கேட்டது. "ஒழுகவே ஒழுகாது அண்ணாச்சி. கார்ல தண்ணி இருக்குல்லா? அது மாதிரிதான்." எதிரில் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாத்தான்குளத்திலிருந்து வந்தவர். மகள் அனிமேஷன் படிக்கிறாளாம். அவள் அனுப்பிய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது மாதிரியே வெளிச்சம் வைத்த பெட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"என்னம்மா, சார்ட்ட எல்லாம் பேசி முடிச்சாச்சே" என்றார் கடைக்காரர்.

"சார் பேசுனது சார் பேசுனது. மிஷின் என்னுது. நான் பைப்ப இழுத்தேனா அண்ணாச்சி?"

"சாரே சொன்னாருல்லாம்மா…"

"அது போகும்போது சார் ஆபீஸ்ல இருந்தாரு. நான் முன்னால இருந்தேன். தொறந்து பாத்தது நீங்க. இழுத்த பைப்பு மாதிரியா இருந்துச்சு?"

கடைக்காரர் சாத்தான்குளத்துக்காரரைப் பார்த்தார். "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார்.

"டீ வேண்டாம். பொருளும் வேண்டாம், இந்தா இருக்கு. பதில் சொல்லுங்க."

அக்கா உட்காரவில்லை. குரலும் மாறவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றார். நானாக இருந்தால் அந்த அமைதி தாங்காமல் வேறு ஏதாவது பேசிக் கடைக்காரரைத் தப்பவிட்டிருப்பேன்.

சாத்தான்குளத்துக்காரர்தான் வாயைத் திறந்தார். "என்ன அண்ணாச்சி, அந்தம்மா சொல்லுதத பாத்தா தண்ணி ஒழுகும் போலிருக்கே?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒழுகும்" என்றார். "எல்லாம் ஒழுகாது. ஒண்ணு ரெண்டு அப்படி ஆயிருது."

"என்னுது அந்த ஒண்ணு ரெண்டுல ஒண்ணு. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"நான் இழுக்கல."

"இழுக்கல. குழாய் சேருற எடத்துல ரப்பர் வளையம் விட்டுருக்கு."

"கடக்காத்து?"

"அது கம்பெனில எழுதி அனுப்புனது. நானும் இந்த ஊர்லதானம்மா இருக்கேன்."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். சாத்தான்குளத்துக்காரர் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா. எது வாங்கலாம்?" என்றார். நான் நினைத்தேன், இதோ, அக்கா இந்தத் தண்ணீர் வியாபாரத்துக்குச் சமாதி கட்டப் போகிறார் என்று.

"தண்ணி நல்லாத்தான் இருக்கும்ணே" என்றார் அக்கா. "சத்தம் வராது. பெரிய வேலைக்குச் சூடு ஏறாது. ஆனா பம்பு ஒருநாள் நிக்கும். எனக்கு ஆன மாதிரி ஒழுகுனா மத்ததையும் கெடுக்கும். உள்ள என்ன நடக்குன்னு நமக்குத் தெரியாது. காத்தாடின்னா சத்தம் போடும். தூசி அடைக்கும், நாமதான் தொடைக்கணும். ஆனா போச்சுன்னா காத்தாடி மட்டும்தான் போவும். பிள்ள தொடைப்பாளா?"

"அவ கட்டிலையே தட்ட மாட்டா."

"அப்பம் ரோசிச்சுக்கிடுங்க."

பெரியவர் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "இந்தத் தண்ணியே போடுங்க. பிள்ள ஆசப்பட்டுட்டா. ஒழுகுனா நீங்கதான் பாத்துக் குடுக்கணும், அத இப்பமே சொல்லிட்டேன்" என்றார். கடைக்காரர் "சரி அண்ணாச்சி" என்றார்.

கடைக்காரர் அக்காவின் பெட்டியைத் திரும்ப நகர்த்தினார். "எடுத்துட்டுப் போங்கம்மா."

"எந்தக் காரணத்துக்குக் குடுக்கீங்க?"

"அதுவா ஒழுகிட்டும்மா. அதுக்குத்தான்."

"சரி. தண்ணிய எடுத்துட்டுக் காத்தாடி மாட்டிக் குடுங்க. பெரிசாப் பாத்து."

ஆட்டோவில் எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு சொல்லியும் அந்த மனுசன் அதையேதான் வாங்குதாரு பாருங்கக்கா. உங்க பேச்சுக்கு என்ன மரியாத?"

அக்கா சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "தெரிஞ்சுதான டீச்சர் வாங்குதாரு. அவரு பிள்ள, அவரு ஆச. நமக்கு அதுல என்ன?"

ஆனால் ஊருக்குள் நின்றது வேறு கதை. அக்கா மாதக்கணக்காகச் சண்டை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை, அவர் கணவர் போய்ப் பக்குவமாகப் பேசினார், காரியம் முடிந்தது. வீட்டுக்காரம்மா அப்படித்தான் சொன்னார். காய்கறி வண்டிக்காரர்வரை அப்படித்தான் தெரியும். நான் மறுத்துச் சொன்னால், "சரிதான் டீச்சர், யார் போனா என்ன, கெடச்சிட்டுல்லா" என்பார்கள். எத்தனை பேரிடம் சொல்லி மாய்வது?

சில மாதம் கழித்து அக்காவின் கொழுந்தனார் ஏரலில் வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் ஆண்கள் ஒரு வரிசை, எதிரில் பெண்கள் ஒரு வரிசை. யாரோ தன் வீட்டுப் பிரிட்ஜ் ரிப்பேரானதையும், கடைக்காரன் அலைக்கழிப்பதையும் சொல்லி நொந்துகொண்டார்கள். அக்காவின் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தொடங்கினார்.

"பேசுத விதம்னு ஒண்ணு இருக்குல்லா. இவ மாசக்கணக்கா நடையா நடந்தா. நான் போனேன். ரெண்டு நிமிஷம். பொட்டியத் தூக்கிக் கையில குடுத்துட்டான்."

"ஆம்பள போனாத்தான் மதிக்கான்" என்றார் பக்கத்து இலைக்காரர். வரிசையே சிரித்தது. என் பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள்.

அக்கா ஒரு வாய் மோர் குடித்தார். "அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன பேசுனீங்கன்னும் சொல்லுங்க" என்றார்.

"என்னத்த… சும்மா பேசுனதுதான்."

"சொல்லுங்க. பிரிட்ஜுக்காரங்களுக்கு உதவும்லா."

சிரிப்பு நின்றது. பரிமாறுகிறவர் பாயச வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அக்காவின் கணவர் இலையைப் பார்த்தார்.

"இவ பைப்ப இழுத்துட்டான்னு சொன்னேன்."

"இழுத்தேனா?"

சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "இல்ல" என்றார்.

"பொட்டி என்ன ஆச்சு?"

"நீ திரும்பக் கொண்டுபோயிக் குடுத்துட்ட. பொறவு நீதான் கேட்டு வாங்குன."

"சரி. அவருக்குப் பாயசம் விடுங்க" என்றார் அக்கா பரிமாறுகிறவரிடம்.

கை கழுவுகிற குழாயடியில் அந்த வீட்டு அத்தை ஒருவர் என்னை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "என்ன இருந்தாலும் புருசன்ட்ட சபையில வச்சு அப்படிக் கேக்கலாமா டீச்சர்?" என்றார்.

"கேக்கலாம்" என்றேன்.